இருவர் மட்டும் பாடிய மடம்

குட்டீஸ்... உங்களுக்கு ஏழு வயது இருந்தபோது என்ன செய்து கொண்டிருந்தீர்கள்? இரண்டாம் வகுப்பு படித்திருப்பீர்கள். பள்ளி விட்டதும் பையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, விளையாட ஓடியிருப்பீர்கள்.

ஏறத்தாழ 1,350 ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் வடபகுதியில் ஏழு வயதுப் பையன் ஒருவனை, உறவினர்கள் ஒரு துறவி மடத்தில் கொண்டு வந்து விட்டனர். படித்துவிட்டுத் திரும்பி வருவதற்காக அல்ல... அங்கேயே வளர்ந்து, அங்கேயே துறவி ஆவதற்காக! அதற்குப் பின், 62 வயது வரை, அந்த மடமே அவனுக்கு வீடு. அந்தப் பையனின் பெயர் பீடு.

பெயரைப் பார்த்தீர்களா? தமிழில் பீடு என்றால் பெருமை. அவனுடைய மொழிக்கும் நம் மொழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும், பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

அப்போது இங்கிலாந்து என்று ஒரே நாடு கிடையாது. சிறு சிறு ராஜ்யங்கள் இருந்தன. வடக்கில் இருந்த ராஜ்யத்தின் பெயர் நார்த்தம்பிரியா. கி.பி. 674ல், அந்நாட்டு மன்னர் எக்பிரித் கொடுத்த நிலத்தில், பெனடிக்ட் பிஸ்கப் என்பவர் வியர்மவுத் என்ற இடத்தில் மடம் கட்டினார். சில ஆண்டுகளில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, டைன் நதிக்கரையில் ஜாரோ என்ற ஊரில் இன்னொரு மடம் எழுந்தது. இரண்டும் ஒரே குடும்பம் போல நடந்தன. பீடு முதலில் சேர்ந்தது வியர்மவுத்தில். பின் ஜாரோவுக்கு மாறினான்.

பெனடிக்ட் பிஸ்கப் சாதாரண ஆள் இல்லை. விமானமோ, ரயிலோ இல்லாத காலத்தில், ஐந்து முறைக்கும் குறையாமல் ரோம் நகருக்குப் போய் வந்தவர்! ஒவ்வொரு முறையும் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களும், ஓவியங்களும் கொண்டு வந்தார். மரத்தால் கட்டடம் கட்டிய ஊரில், கல்லால் கட்டுவதற்கு இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியிலிருந்து கொத்தனார்களை வரவழைத்தார். ஜன்னல்களுக்குக் கண்ணாடி செய்யத் தெரிந்தவர் அங்கு யாரும் இல்லை. அதற்கும் அங்கிருந்தே ஆள் வந்தது. சர்ச் சுவர்களில் ஓவியங்களை மாட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்துப் புரிந்து கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். இப்படிப்பட்ட இடத்துக்குள்தான் நம் ஏழு வயதுப் பையன் நுழைந்தான்.

அங்கே ஒரு நாள் எப்படி இருக்கும் தெரியுமா?

நீங்கள் நன்றாகத் தூங்கிக் கொண்டிருக்கும் பின்னிரவில், மணி அடிக்கும். எழுந்தே ஆக வேண்டும். உடை மாற்ற நேரம் ஆகும் என்ற பிரச்னையே இல்லை. ஏனென்றால், துறவிகள் உடுத்திய உடையோடு, இடுப்பில் கயிறு கட்டியபடியேதான் படுப்பர். இடுப்பில் செருகியிருக்கும் கத்தியை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும்; தூக்கத்தில் புரளும்போது குத்திவிடக் கூடாதல்லவா! இதையெல்லாம் விதியாகவே எழுதி வைத்தவர், இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட். தமிழகக் கத்தோலிக்கர்கள் அவரை ஆசீர்வாதப்பர் என்று அழைப்பர். பெனடிக்ட் பிஸ்கப், தான் பார்த்த 17 மடங்களின் பழக்கங்களிலிருந்து நல்லவற்றை எடுத்து, தம் மடத்துக்கு விதிகள் வகுத்தார். அதில் ஆசீர்வாதப்பரின் விதிகளுக்கு முக்கிய இடம் உண்டு.

இருட்டில், குளிரில், தட்டுத் தடுமாறி சர்ச்சுக்குப் போக வேண்டும். அங்கே இரவு வழிபாடு. பின், விடியும்போது ஒன்று. சூரியன் உதித்ததும் ஒன்று. காலை, நண்பகல், பிற்பகல் என்று மூன்று. அந்தி சாயும்போது ஒன்று. படுக்கப் போகும் முன் ஒன்று. மொத்தம் எட்டு முறை! பைபிளில் உள்ள 150 சங்கீதங்களையும் ஒவ்வொரு வாரமும் முழுதாகப் பாடி முடிக்க வேண்டும். அவை எல்லாம் லத்தீன் மொழியில். பையன்கள் பேசிய மொழியோ பழைய ஆங்கிலம். எனவே, முதல் வேலை லத்தீன் கற்பது. அடுத்த வேலை மனப்பாடம் செய்வது. தப்பாகப் பாடினால், பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் போதும். சிறுவர்களுக்கு அடி விழும் என்று விதியில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அந்தக் காலம் நமக்கு வேண்டவே வேண்டாம்!

சாப்பாடு? கோடையில் இரண்டு வேளை. குளிர்காலத்தில் பிற்பகலுக்கு மேல் ஒரே ஒரு வேளை. நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டி, சமைத்த பண்டம் இரண்டு வகை, காய், பழம் கிடைத்தால் கூடுதலாக ஒன்று. நான்கு கால் பிராணிகளின் இறைச்சி, நோயாளிகளுக்கு மட்டும். பயப்படாதீர்கள்... சிறுவர்களும், முதியவர்களும் பசி தாங்க மாட்டார்கள் என்பதால், அவர்கள் முன்னதாகவே சாப்பிடலாம் என்று விலக்கும் உண்டு. சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. ஒருவர் மட்டும் புத்தகம் வாசிப்பார்; மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவர். சமையல் வேலை வாரம் ஒருவராக மாறி மாறி வரும். வாரக் கடைசியில், அந்த வாரம் சமைத்தவர் எல்லாருடைய கால்களையும் கழுவிவிட வேண்டும்.

வழிபாடு போக மீதி நேரம் படிப்பும், உழைப்பும். வியர்மவுத் மடத்தின் தலைவர்களில் ஒருவர் ஈஸ்டர்வைன். மன்னரின் அவையில் இருந்த பெரிய இடத்துப் பிள்ளை. அவரே கதிர் அடிப்பார், தானியம் தூற்றுவார், பசுவிலும் செம்மறி ஆட்டிலும் பால் கறப்பார். ரொட்டி சுடும் இடம், தோட்டம், அடுப்படி என்று எங்கே வேலை இருந்தாலும் கை கொடுப்பார். தலைவரான பின்னும் தனி அறை வைத்துக் கொள்ளாமல், எல்லாருடனும் ஒன்றாகப் படுத்து, எல்லாரும் சாப்பிட்டதையே சாப்பிட்டார். இவரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவது, பிற்காலத்தில் பீடு எழுதி வைத்ததால்தான்.

கி.பி. 685 ஏப்ரல் 23ல் ஜாரோவின் புதிய சர்ச் திறக்கப்பட்டது. பீடுவுக்கு அப்போது வயது 12 இருக்கலாம். எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தனர். ஒரே ஆண்டில் எல்லாம் தலைகீழானது.

686ல் கொள்ளைநோய் வந்தது. எதனால் வருகிறது, எப்படித் தடுப்பது என்று யாருக்கும் தெரியாத காலம். ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாடுபவர்களிடம் நோய் புகுந்தால் என்ன ஆகும்? வியர்மவுத்தில் ஈஸ்டர்வைன் 36 வயதிலேயே இறந்து போனார். ஜாரோவில், வழிபாட்டில் பாடவும், வாசிக்கவும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மாண்டனர். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர், மடத்தலைவர் சியோல்பிரித். இன்னொருவன், ஒரு சிறுவன்!

அந்தச் சிறுவனின் பெயரை, இந்தச் சம்பவத்தை எழுதியவர் குறிப்பிடவில்லை. அவன் வளர்ந்து அதே மடத்தில் குருவாக இருக்கிறான் என்றும், தன் தலைவரின் பெருமைகளைப் பேச்சிலும் எழுத்திலும் சொல்லி வருகிறான் என்றும் மட்டும் எழுதியிருக்கிறார். இது பீடுதான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு.

சற்று கற்பனை செய்து பாருங்கள்... நேற்று வரை இருபுறமும் வரிசையாக நின்று பலர் பாடிய சர்ச். ஒரு பக்கம் பாட, மறுபக்கம் பதில் பாடும். இப்போது இந்தப் பக்கம் ஒரு பெரியவர், அந்தப் பக்கம் ஒரு சிறுவன். கல் சுவரில் மோதித் திரும்பும் இரண்டு குரல்கள்.

சியோல்பிரித் ஒரு முடிவு செய்தார். சங்கீதங்களுக்கு முன்னும் பின்னும் பல்லவி போல பாடும் சிறு அடிகள் உண்டு. இருவரால் அத்தனையும் பாட முடியாது. எனவே, காலை, மாலை வழிபாடுகள் தவிர மற்ற நேரங்களில் அவற்றை விட்டுவிடலாம் என்றார். நியாயமான முடிவுதான். யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஆளும் இல்லை!

ஒரு வாரம் அப்படியே நடந்தது. அந்த வாரம் முழுவதும் சியோல்பிரித் கண்ணீர் விட்டாராம். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. பழையபடி எல்லாவற்றையும் முழுதாகப் பாடுவோம் என்று மாற்றிவிட்டார். அன்றிலிருந்து, பின்னிரவு முதல் படுக்கும் நேரம் வரை, பெரியவரும் சிறுவனும் அத்தனை வழிபாடுகளையும் சிரமப்பட்டுப் பாடினர். புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்து, அவர்கள் தேறும் வரை இருவரும் நிறுத்தவே இல்லை.

மடம் பிழைத்தது. கொள்ளைநோயில் காலியான அந்த இரட்டை மடத்தில், 30 ஆண்டுகள் கழித்து, அதாவது 716ல், 600 துறவிகள் இருந்தனர்!

பீடு வேகமாக வளர்ந்தான். இனி அவர் என்றே சொல்வோம். திருத்தொண்டர் பட்டம் பெற 25 வயதாக வேண்டும் என்பது வழக்கம். இவருக்கு 19 வயதிலேயே கிடைத்தது. 30 வயதில் குருவானார். வெளியூர்ப் பயணம் மிகக் குறைவு. லிண்டிஸ்பார்ன் தீவு, யார்க் நகரம் என்று பக்கத்து இடங்களுக்குப் போயிருக்கிறார்; நார்த்தம்பிரியாவைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. ஆனால், அவர் கையில் 200க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அந்தக் காலத்தில் அது மாபெரும் நூலகம்.

புத்தகம் ஏன் அவ்வளவு அரிது? காகிதம் அங்கு வந்து சேரவில்லை. அச்சு இயந்திரமும் இல்லை. கன்றுக்குட்டியின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து, முடியைச் சுரண்டி எடுத்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்த கத்தியால் மீண்டும் மீண்டும் சீவி, காய வைத்தால்தான் எழுதும் பக்கம் கிடைக்கும். பேனா, வாத்தின் இறகு. மை எப்படித் தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் பார்த்திருக்கிறீர்களா? ஓக் மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் உருண்டையாகப் புடைத்து வளர்வதுதான் அது. அப்படிப்பட்ட ஓக் மரப் புடைப்பைப் பொடித்து ஊற வைத்து, அன்னபேதி உப்பைச் சேர்த்தால் கறுப்பு மை தயார். தோலில் ஊறிப் பிடித்துக் கொள்ளும்; எளிதில் அழியாது.

சியோல்பிரித் தலைவராக இருந்தபோது, முழு பைபிளையும் ஒரே புத்தகமாக மூன்று பிரதிகள் எழுத வைத்தார். அவற்றில் ஒன்று இன்றும் முழுதாக இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள். அதற்கு 500க்கும் அதிகமான கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும். எடை, 34 கிலோ! நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைத் தூக்குவது போல. 716ல், 74 வயதில், சியோல்பிரித் இந்தப் புத்தகத்தைப் போப்பாண்டவருக்குப் பரிசாகக் கொடுக்க ரோமுக்குப் புறப்பட்டார். போனால் திரும்ப மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். துறவிகள் கதறி அழுதனர். பாதி வழியில், இன்றைய பிரான்சில் உள்ள லாங்ர் என்ற ஊரில் அவர் இறந்து போனார்.

பீடு அப்போது ஒரு நூல் எழுதிக் கொண்டிருந்தார். தலைவர் போன துயரத்தில் கொஞ்ச காலம் எழுத முடியாமல் போனதை, அந்த நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். கொள்ளைநோய்க் காலத்தில் தன்னோடு பாடிய ஒரே குரல் அல்லவா!

அந்தப் பெரிய புத்தகம் இப்போது இத்தாலியின் பிளாரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. பல நூற்றாண்டுகள், அதை இத்தாலியில் எழுதப்பட்டது என்றே நினைத்தனர். அவ்வளவு நேர்த்தி! முதல் பக்கத்தில் யாரோ பெயரை அழித்து மாற்றியிருந்ததை 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கண்டுபிடித்தனர். 2018ல், ஒரு கண்காட்சிக்காக அது லண்டன் வந்தது. புறப்பட்டுப் போய் 1,302 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாட்டைப் பார்த்தது!

பீடுவுக்குக் கணக்கு மிகவும் பிடிக்கும். துறவிக்குக் கணக்கு எதற்கு என்கிறீர்களா? ஈஸ்டர் பண்டிகை என்று வரும் என்று கண்டுபிடிக்க! கிறிஸ்துமஸ் போல அதற்கு நிலையான தேதி கிடையாது. நிலவையும், சூரியனையும் வைத்துக் கணக்கிட வேண்டும். அதில் இரண்டு முறைகள் இருந்தன. பீடு பிறப்பதற்கு முன், நார்த்தம்பிரியா அரண்மனையில் மன்னர் ஒரு முறையையும், ராணி இன்னொரு முறையையும் பின்பற்றினர். மன்னர் ஈஸ்டர் விருந்து சாப்பிடும்போது, ராணி இன்னும் தவக்கால விரதத்தில் இருப்பார்! இந்தச் சண்டையைத் தீர்க்கவே, 664ல் விட்பி என்ற இடத்தில் பெரிய சபை கூட்ட வேண்டி வந்தது.

காலக் கணக்கு பற்றி 725ல் பீடு எழுதிய நூல், விரல் கணக்கோடு தொடங்குகிறது. இடது கை விரல்களை விதவிதமாக மடக்கினால் ஒன்று முதல் 99 வரை. வலது கையையும் சேர்த்துக் கொண்டால் 9,999 வரை! அதற்கு மேல், கைகளை மார்பு, இடுப்பு என்று வெவ்வேறு இடங்களில் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டு கை விரல்களையும் கோத்துக் கொண்டால் பத்து லட்சம். இதில் இன்னொரு வேடிக்கை. எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கொண்டால், விரலாலேயே ரகசியம் பேசலாம் என்றும் சொல்லிக் கொடுக்கிறார். (வகுப்பில் முயற்சி செய்து மாட்டிக் கொண்டால், நான் பொறுப்பல்ல!)

அதே நூலில், பூமி பந்து போல் உருண்டை என்று எழுதியிருக்கிறார். கடலின் ஏற்ற இறக்கத்துக்கும் நிலவுக்கும் உள்ள தொடர்பையும் விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் அலை ஏற்றம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தாமதிக்கும். ஒரே கரையிலும் ஊருக்கு ஊர் நேரம் வேறுபடும் என்று சரியாகச் சொன்னார். ஜாரோ மடத்தின் பக்கத்திலேயே டைன் நதியின் சேற்றுப் பரப்பில் கடல் நீர் ஏறி இறங்கும்.

கணக்கு அவருக்கு ஒருமுறை தொல்லையும் கொடுத்தது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து கிறிஸ்து பிறந்தது வரை 5,000 ஆண்டுகளுக்கும் மேல் என்று அன்று பலரும் நம்பினர். பைபிளின் எபிரேய மூலத்தை ஒட்டிய எண்களைக் கூட்டி, 3,952 ஆண்டுகள் என்றார் பீடு. 708ல், பிஷப் ஒருவரின் விருந்தில், குடித்திருந்த சிலர், பீடு மதத்துக்கு எதிரானவர் என்று பழி போட்டனர். சேதி மடத்துக்கு வந்தது. அமைதியான பீடுவுக்கு வந்ததே கோபம்! காரசாரமாக ஒரு கடிதம் எழுதி, அதை அந்த பிஷப்பின் முன் படித்துக் காட்டும்படி கேட்டுக் கொண்டார். இன்றைய அறிவியல்படி, இரண்டு எண்ணுமே சரியல்ல. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். ஆனால், எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காகத் தான் கூட்டிய கணக்கை மாற்றிக் கொள்ள அவர் தயாராக இல்லை.

நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் கி.பி. என்று எழுதுகிறீர்களே... அந்த முறையைக் கண்டுபிடித்தவர் பீடு அல்ல. 525ல் ரோமில் இருந்த டயோனீசியஸ் என்ற துறவி. ஆனால், 731ல் பீடு முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாறு என்ற நூலில், சம்பவங்களுக்கு அந்த முறையில் ஆண்டு போட்டார். அந்த நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. கூடவே அந்தப் பழக்கமும் பரவியது. எந்தச் செய்தியை யார் சொன்னார் என்றும் அதில் கவனமாக எழுதினார். தானே அலைய முடியாததால், தெரிந்தவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார். லண்டனைச் சேர்ந்த நாத்தெல்ம் என்ற குரு, ரோம் வரை போய், பழைய கடிதங்களைத் தேடி நகல் எடுத்து வந்து கொடுத்தார்.

735ம் ஆண்டு, ஈஸ்டருக்கு இரு வாரங்களுக்கு முன், பீடுவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. நாளாக நாளாகக் கால்கள் வீங்கின. ஆனாலும், தினமும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். லத்தீன் தெரியாதவர்களுக்காக, யோவான் எழுதிய நற்செய்தியைப் பழைய ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மாணவர்கள் எழுதினர். கடைசி நாளில், மற்றவர்கள் வழிபாட்டு ஊர்வலத்துக்குப் போய்விட, வில்பர்ட் என்ற பையன் மட்டும் பக்கத்தில் இருந்தான். இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி இருப்பதை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பேனாவை எடுத்து வேகமாக எழுதும்படி சொல்லிவிட்டார் பீடு.

பிற்பகலில், தன் சிறு பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். வாழ்நாள் சொத்து அதற்குள் இருந்தது. என்னென்ன தெரியுமா? கொஞ்சம் மிளகு, சில துணிகள், கொஞ்சம் சாம்பிராணி. அவ்வளவுதான்! அவற்றை மடத்தின் குருக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் மிளகு, அங்கே பொக்கிஷம். அன்று ஐரோப்பாவுக்குப் போன மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் விளைந்து, கடல் கடந்து, கை மாறி கை மாறிப் போனது. அதில் ஒரு பிடி, ஜாரோ மடத்தின் அந்தச் சின்னப் பெட்டி வரை போயிருக்கிறது!

மாலையில் வில்பர்ட், ஒரே ஒரு வாக்கியம் மீதி என்றான். பீடு அதையும் சொல்ல, அவன் எழுதி முடித்தான். பின், அறையின் தரையில் அமர்ந்தபடி, சிறு வயது முதல் பாடி வந்த துதிப் பாடலைப் பாடிக் கொண்டே பீடு உயிர் விட்டார். மே 25, அவருடைய நினைவு நாள். அந்த மொழிபெயர்ப்பு நமக்குக் கிடைக்காமல் போய்விட்டது பெரிய நஷ்டம்.

இந்தக் கடைசி நாட்களை எழுதி வைத்தவர், அவருடைய மாணவர் கத்பர்ட். பின்னாளில் அவரே மடத்தின் தலைவரானார். 764ல், ஜெர்மனியில் இருந்த பிஷப் லல், பீடுவின் நூல்களை நகல் எடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார். சிலவற்றை மட்டும் அனுப்பிய கத்பர்ட், கூடவே ஒரு கடிதமும் வைத்தார். சென்ற குளிர்காலத்தில் பனியும், காற்றும், மழையும் கடுமையாக இருந்ததால், எழுதுபவர்களின் கை ஓடவில்லை; அதனால்தான் நிறைய அனுப்ப முடியவில்லை; மீதியைப் பிறகு அனுப்புகிறேன் என்று வருத்தம் தெரிவித்திருந்தார். அப்படியே, கண்ணாடிப் பாத்திரம் செய்யத் தெரிந்தவரும், யாழ் போன்ற ஓர் இசைக்கருவி வாசிக்கத் தெரிந்தவரும் உங்கள் ஊரில் இருந்தால் அனுப்பி வைக்கும்படியும் கேட்டிருந்தார். கருவி இருக்கிறதாம், வாசிக்கத்தான் ஆள் இல்லையாம்!